நெடுந்தூர விமானச் சீட்டு: விற்பவர் யார், ஓட்டுபவர் யார் என்று பார்த்து வாங்கும் முறை

சிட்னியிலிருந்து லண்டனுக்கு குவாண்டாஸ் சீட்டு வாங்கிய ஒருவர், துபாய் வரையிலும் அங்கிருந்து லண்டன் வரையிலும் எமிரேட்ஸ் விமானத்திலேயே பறக்க நேரலாம். சீட்டில் குவாண்டாஸின் குறியீடான கியூ.எஃப். என்ற எழுத்துகளும் அவற்றை அடுத்து எட்டில் தொடங்கும் நான்கு இலக்க எண்ணும் இருக்கும். விமானத்தின் வாலிலோ அமீரகக் கொடியின் நிறங்கள் இருக்கும். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. 2013 மார்ச் 31 அன்று தொடங்கிய கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் இரு நிறுவனங்களும் ஒன்றின் இருக்கைகளை மற்றொன்று தன் எண்ணில் விற்கின்றன. நெடுந்தூர வழித்தடங்களில் இப்படி ஒருவர் விற்று வேறொருவர் ஓட்டுவது இன்று வழக்கமாகிவிட்டதால், பணம் கட்டுவதற்கு முன் மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும்: சீட்டை விற்பவர் யார், விமானத்தை ஓட்டுபவர் யார், முழுப் பயணமும் ஒரே சீட்டில் அடங்கியிருக்கிறதா. பெட்டி, இருக்கை, உணவு, தாமத இழப்பீடு ஆகிய எல்லாவற்றுக்கும் விடை இந்த மூன்றிலிருந்துதான் கிடைக்கிறது.

கூட்டு எதற்காக?

ஒரு விமான நிறுவனம் தான் விரும்பும் நாட்டுக்கெல்லாம் விரும்பிய அளவில் பறந்துவிட முடியாது. எந்த நாட்டு நிறுவனம் எத்தனை முறை வந்து போகலாம் என்பதை அரசுகள் தங்களுக்குள் பேசி முடிவு செய்கின்றன. வெளிநாட்டு நிறுவனத்தை முழுதாக விலைக்கு வாங்குவதற்கும் பெரும்பாலான நாடுகளில் தடை உண்டு. இந்தியாவில் வெளிநாட்டு விமான நிறுவனத்தின் பங்கு 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அமெரிக்காவில் வாக்குரிமையுள்ள பங்குகளில் வெளிநாட்டவரின் பங்கு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன், பெர்த் ஆகிய நான்கு பெரிய நிலையங்களுக்கும் சேர்த்து வாரத்துக்கு 28 சேவைகள் மட்டுமே நடத்த அனுமதி பெற்றிருந்த கத்தார் ஏர்வேஸ், மேலும் 28 சேவைகள் கேட்டபோது, 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய அரசு மறுத்துவிட்டது. அதன் பிறகு கத்தார் ஏர்வேஸ் வர்ஜின் ஆஸ்திரேலியாவின் 25 சதவீதப் பங்கை வாங்க முன்வந்தது. 2025 பிப்ரவரியில் அதற்கு அனுமதி கிடைத்தது. அவ்வாண்டு ஜூன் முதல் வர்ஜின் ஆஸ்திரேலியா தன் சொந்த உரிமையில் தோஹாவுக்குச் சேவை தொடங்கியது. அந்தச் சேவைகளில் பறப்பவை கத்தார் ஏர்வேஸின் விமானங்கள், வேலை செய்வோர் அதன் பணியாளர்கள். விமானத்தைப் பணியாளர்களோடு சேர்த்து வாடகைக்கு எடுக்கும் இந்த ஏற்பாட்டை இத்துறையினர் வெட் லீஸ் என்பார்கள். முன்வாசலில் கிடைக்காத அனுமதி பக்கத்து வாசல் வழியாகக் கிடைத்தது என்று இதைச் சொல்பவர்களைக் குறை கூற முடியாது. ஆனால் பயணிக்கு இருக்கைகள் கூடின என்பதும் உண்மை.

கூட்டின் அளவை அறிதல்

கூட்டு என்ற ஒரே பெயரில் மிக வேறுபட்ட உறவுகள் அடங்கியுள்ளன. மிக எளியது இன்டர்லைன் ஒப்பந்தம்: இரு நிறுவனங்களின் விமானங்களையும் ஒரே சீட்டில் எழுதலாம், பெட்டியை ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அதற்கு மேற்பட்டது கோட்ஷேர். இதில்தான் ஒருவரது விமானத்துக்கு மற்றவரது எண் கிடைக்கிறது. ஸ்டார் அலையன்ஸ் (1997), ஒன்வேர்ல்ட் (1999), ஸ்கைடீம் (2000) ஆகிய கூட்டணிகள், உறுப்பு நிறுவனம் ஒன்றில் அடிக்கடி பயணிப்போருக்கு மற்ற உறுப்பு நிறுவனங்களும் சலுகை தரும் ஏற்பாடுகள். ஏர் இந்தியா 2014 ஜூலையில் ஸ்டார் அலையன்ஸிலும், ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் அதே ஆண்டு மே மாதத்தில் ஒன்வேர்ல்டிலும் சேர்ந்தன. எமிரேட்ஸும் எத்திஹாதும் எந்தக் கூட்டணியிலும் இல்லை; தேவையான இடங்களில் தனித்தனியாக ஒப்பந்தம் செய்துகொள்கின்றன.

இவை அனைத்திலும் இறுக்கமானது கூட்டு வணிகம். இதில் நிறுவனங்கள் விலை, நேரம், இருக்கைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கலந்து பேசி முடிவு செய்து, வருவாயையும் பல இடங்களில் பகிர்ந்துகொள்கின்றன. போட்டியாளர்கள் இருவர் உட்கார்ந்து விலை பேசுவது சாதாரணமாகச் சட்டப்படி குற்றம் என்பதால், இதற்குப் போட்டி ஆணையங்களின் தனி அனுமதி தேவை. கே.எல்.எம்., நார்த்வெஸ்ட் ஆகிய இரண்டுக்கும் அமெரிக்க அரசு 1993-இல் அளித்த விலக்கிலிருந்து இவ்வழக்கம் தொடங்குகிறது. குவாண்டாஸ்–எமிரேட்ஸ் கூட்டுக்கும் ஆஸ்திரேலியப் போட்டி ஆணையம் 2013-இல் ஐந்தாண்டு அனுமதி தந்து, பின்னர் 2018-இலும் 2023-இலும் நீட்டித்தது.

விலையை ஒப்பிடும்போது

இந்தக் கடைசி வகையைப் பற்றித் தெரிந்துகொள்வது, சீட்டு வாங்குபவருக்கு எல்லாவற்றையும்விட அதிகப் பணத்தை மிச்சப்படுத்தக்கூடும். ஒரே கூட்டு வணிகத்தைச் சேர்ந்த இரு நிறுவனங்களின் விலைகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சந்தையையே அலசிவிட்டதாக நினைப்பது, ஒரே கடையின் இரண்டு வாசல்களிலும் விலை கேட்டு வருவதற்குச் சமம். சிட்னி–லண்டன் தடத்தில் குவாண்டாஸும் எமிரேட்ஸும் ஒரு குழு. கத்தார் ஏர்வேஸ் ஒருபுறம் வர்ஜின் ஆஸ்திரேலியாவோடும் மறுபுறம் பிரிட்டிஷ் ஏர்வேஸோடும் கூட்டு வைத்திருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஐரோப்பாவுக்கு லுஃப்தான்சா குழுமத்தோடு கைகோத்திருக்கிறது. உண்மையான ஒப்பீடு இந்தக் குழுக்களுக்கு இடையில்தான் நடக்க வேண்டும்.

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். லண்டன் வழியாக பிரிட்டிஷ் ஏர்வேஸில் போனாலும், அட்லாண்டிக்கைக் கடக்கும் பகுதிக்கு அமெரிக்கன் ஏர்லைன்ஸின் எண் எழுதப்பட்டிருந்தாலும், அவை 2010 முதல் ஒரே கூட்டு வணிகத்தைச் சேர்ந்தவை. ஃபிராங்க்ஃபர்ட் வழியாகச் செல்லும் லுஃப்தான்சாவும் யுனைடெட்டும் ஏர் கனடாவும் மற்றொரு குழு. ஏர் பிரான்ஸ், கே.எல்.எம்., டெல்டா, வர்ஜின் அட்லாண்டிக் மூன்றாவது குழு. ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரு விலையும், எந்தக் குழுவிலும் சேராத வளைகுடா நிறுவனங்களிடமிருந்து ஒரு விலையும் எடுத்துப் பார்த்தால் போதும்; பத்துத் தளங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே விமானத்தின் ஒரே வகுப்பு இருக்கை, இரண்டு எண்களில் இரண்டு விலைகளில் தெரிவது அரிதல்ல. ஓட்டும் நிறுவனத்திடம் மலிவான கட்டணப் பிரிவு தீர்ந்திருக்கும், விற்கும் நிறுவனத்தின் பங்கில் அது இன்னும் இருக்கும். அல்லது இதற்கு நேர்மாறாக இருக்கும். ஆகவே ஒரு விமானத்தை முடிவு செய்த பிறகு, அதையே மற்ற எண்ணிலும் தேடிப் பாருங்கள். மலிவாக இருக்கும் எண்ணை எடுப்பதற்கு முன், அந்த விலையில் பெட்டிக்கு அனுமதி உண்டா, தேதி மாற்றக் கட்டணம் எவ்வளவு என்பவற்றையும் பார்த்துவிட வேண்டும். இவை இரு எண்களுக்கும் ஒன்றாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

பணம் கட்டுவதற்கு முன்

விமான எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில், இன்னாரால் இயக்கப்படுகிறது என்ற வரி இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் அதைத் தனித்தனியாகப் படியுங்கள். பயண முகவர் மூலம் வாங்கினால், அந்த வரி உள்ள பயணத்திட்டத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்து, எல்லாப் பகுதிகளும் ஒரே சீட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சில இணையத்தளங்கள் ஒப்பந்தமே இல்லாத இரு நிறுவனங்களின் சீட்டுகளைச் சேர்த்து ஒரே விலையாகக் காட்டுகின்றன. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், ஒரே சீட்டாக இருந்தால் மாற்று ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு சீட்டுகளாக இருந்தால் இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி, அவ்வளவே. இரண்டு சீட்டுகளில் கிடைக்கும் சேமிப்பு, புதிய சீட்டு ஒன்றின் விலையைத் தாங்கும் அளவுக்கு இல்லாவிட்டால், அந்த வழியில் போகாதிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

மின்சீட்டு எண்ணையும் ஒரு முறை பாருங்கள். பதின்மூன்று இலக்கங்களில் முதல் மூன்று, சீட்டை வெளியிட்ட நிறுவனத்தைக் காட்டும்: 081 என்றால் குவாண்டாஸ், 176 என்றால் எமிரேட்ஸ், 098 ஏர் இந்தியா, 125 பிரிட்டிஷ் ஏர்வேஸ், 220 லுஃப்தான்சா, 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 016 யுனைடெட். தேதி மாற்றுவதற்கும் பணத்தைத் திரும்பப் பெறுவதற்கும் இந்த நிறுவனத்திடமோ, சீட்டை வாங்கித் தந்த முகவரிடமோதான் போக வேண்டும். ஓட்டும் நிறுவனத்தின் அலுவலகத்தில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயண நாளன்று, செக்-இன் தொடங்கிய பிறகு நிலைமை மாறுகிறது: அப்போது எதையும் சரிசெய்யும் அதிகாரம் ஓட்டும் நிறுவனத்தின் கவுன்டரில் இருக்கிறது.

வெளியிட்டவர் யார் என்பது, ஒரு நிறுவனம் மூழ்கும்போது இன்னும் அழுத்தமாகத் தெரியும். எத்திஹாத் 24 சதவீதப் பங்கு வைத்திருந்த ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-இல் பறப்பதை நிறுத்தியபோது, அது தன் பெயரில் வெளியிட்ட சீட்டுகளுக்கான பணத்தைப் பயணிகள் திவால் நடவடிக்கையில் கோரிக்கையாகவே வைக்க நேர்ந்தது. ஆகவே இரு எண்களிலும் விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், நிதிநிலை உறுதியான நிறுவனத்தின் சீட்டை எடுப்பது புத்திசாலித்தனம்.

விசா விஷயத்தில் கூட்டு ஒப்பந்தங்கள் எந்த உதவியும் செய்யாது. ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, பாரிஸ் சென்று, அங்கிருந்து நியூயார்க் போகும் சீட்டு ஒரே குடும்பச் சீட்டு போலத் தோன்றலாம். ஆனால் ஃபிராங்க்ஃபர்ட்–பாரிஸ் பகுதி, ஷெங்கன் எனப்படும் பொது விசா கொண்ட ஐரோப்பிய நாடுகளின் எல்லைக்குள் நடக்கும் பயணம் என்பதால், இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு ஷெங்கன் நுழைவு விசாவே வேண்டும். முதல் விமானத்தில் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். இடைநிறுத்தம் ஒன்றுதான் என்றாலும், அந்த நாட்டின் டிரான்ஸிட் விதியை அதன் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

இணைப்பு நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். விமான நிலையம் ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என ஒன்று உண்டு. அதற்குக் குறைவாக ஒரே சீட்டில் விற்க மாட்டார்கள். விற்கப்படுகிறது என்பதற்காக அந்த நேரம் போதுமானது என்று கொள்ள வேண்டாம். ஹீத்ரோவில் ஸ்டார் அலையன்ஸ் நிறுவனங்கள் இரண்டாம் முனையத்தில் கூடியிருக்கின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸின் முதன்மை இடம் ஐந்தாம் முனையம். துபாயில் எமிரேட்ஸ் மூன்றாம் முனையத்திலும், அதன் கூட்டாளியான ஃபிளைதுபாயின் பெரும்பாலான விமானங்கள் இரண்டாம் முனையத்திலும் இருக்கின்றன, இடையில் பேருந்து. முதியவர்களோடும் குழந்தைகளோடும் செல்கிறவர்கள் விமானம் மாற மூன்று மணி நேரமாவது வைத்துக்கொள்வது நல்லது.

வாங்கிய பின் செய்ய வேண்டியவை

விற்ற நிறுவனம் தரும் ஆறெழுத்துப் பி.என்.ஆர். குறியீடு, ஓட்டும் நிறுவனத்தின் தளத்தில் பெரும்பாலும் திறக்காது, ஏனெனில் அங்கே அதே பயணத்துக்கு வேறொரு குறியீடு இருக்கும். விற்ற நிறுவனத்தை அழைத்து, மற்ற நிறுவனத்தின் குறியீட்டைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது கிடைத்தபின் இருக்கையை ஓட்டும் நிறுவனத்தின் தளத்திலேயே தேர்ந்தெடுக்கலாம். உணவுக் கோரிக்கை ஒரு நிறுவனத்தின் கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தியாகப் போவதால் வழியில் தவறிவிடக்கூடும். ஆசிய சைவ உணவு கேட்டவர்கள், அது ஓட்டும் நிறுவனத்தின் பதிவில் ஏறியிருக்கிறதா என்று புறப்படுவதற்குச் சில நாள் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். சக்கர நாற்காலிக்கும் இதேதான்.

பெட்டி அளவில் குழப்பம் மிகுதி. ஒரு நிறுவனம் மொத்த எடையைக் கணக்கிடும், இன்னொன்று பெட்டிகளின் எண்ணிக்கையை. அமெரிக்காவுக்குப் போகும் அல்லது அங்கிருந்து வரும் பயணமாக இருந்தால், அந்நாட்டு விதிப்படி, பயணத்தின் முதல் பகுதியை விற்ற நிறுவனத்தின் பெட்டி விதி முழுப் பயணத்துக்கும் பொருந்த வேண்டும். மற்ற வழித்தடங்களில் பயணத்தின் முக்கியமான பகுதியைக் கொண்டு முடிவு செய்யும் வேறு முறையும் உண்டு. விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் மின்சீட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே அச்சிடப்பட்டுள்ள பெட்டி அளவே செல்லும். அந்தத் தாளைக் கையில் வைத்திருங்கள், கவுன்டரில் வாதம் வந்தால் அதுவே ஆதாரம்.

பெட்டி கடைசி ஊர் வரை செல்லும் என்று சொன்னாலும், அமெரிக்காவில் முதலில் இறங்கும் நிலையத்தில் பொதுவாக அதை எடுத்துச் சுங்கம் கடந்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அபுதாபியிலும் டப்ளினிலும் அமெரிக்கக் குடியேற்றச் சோதனையும் சுங்கச் சோதனையும் புறப்படும் முன்பே முடிந்துவிடுவதால், அவ்வழியே நேராக அமெரிக்கா செல்வோருக்கு அந்த வேலை இல்லை.

புள்ளிகளும் ஓய்வறையும்

கூட்டணி நிறுவனம் ஒன்றின் அடிக்கடி பயணிப்போர் அட்டை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்வேர்ல்ட் சலுகை கிடைப்பதற்கு, விமானத்தை விற்பதும் ஓட்டுவதும் ஒன்வேர்ல்ட் நிறுவனமாகவே இருக்க வேண்டும். எமிரேட்ஸ் ஓட்டும் விமானத்தில் குவாண்டாஸ் எண் இருந்தாலும், பிரிட்டிஷ் ஏர்வேஸின் உயர்நிலை அட்டையைக் காட்டி ஓய்வறைக்குள் நுழைய முடியாது. புள்ளிகள் கட்டணப் பிரிவைப் பொறுத்தவை; மிக மலிவான பிரிவுகளில் கூட்டாளி நிறுவனங்கள் ஒன்றுமே தராமலும் இருக்கலாம். புள்ளிகளுக்காக விலை கூடிய எண்ணை எடுப்பது, அடிக்கடி பறக்காதவர்களுக்கு லாபமாக முடிவதில்லை.

தாமதமும் தொலைந்த பெட்டியும்

இழப்பீட்டில்தான் ஓட்டுபவர் யார் என்ற கேள்விக்கு முழு எடை வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண் ஒழுங்குமுறையின்படி, ஒன்றியத்திலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் பாதுகாப்பு உண்டு. வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும் விமானமாக இருந்தால், அதை ஓட்டுவது ஒன்றிய நாட்டு நிறுவனமாக இருந்தால் மட்டுமே உண்டு. எனவே லுஃப்தான்சா ஓட்டும் சென்னை–ஃபிராங்க்ஃபர்ட் விமானத்தை யுனைடெட் எண்ணில் வாங்கியிருந்தாலும் அந்தச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். ஏர் இந்தியா ஓட்டும் தில்லி–ஃபிராங்க்ஃபர்ட் விமானத்தை லுஃப்தான்சா எண்ணில் வாங்கியிருந்தால் நிற்காது. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் மூன்று மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் தொகை 600 யூரோ; தாமதம் நான்கு மணி நேரத்துக்குள் இருந்தால் நிறுவனம் அதைப் பாதியாகக் குறைக்கலாம்; மோசமான வானிலை போன்ற, நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணங்களுக்குத் தொகை இல்லை. பிரிட்டனும் ஒன்றியத்தை விட்டு விலகிய பின் ஏறக்குறைய இதே சட்டத்தைத் தன்னுடையதாக வைத்துக்கொண்டது.

கூட்டுச் சேவைகளில் இச்சட்டம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 2019 ஜூலையில் வந்த ஒரு தீர்ப்பு தெளிவாக்கியது. பிராகிலிருந்து அபுதாபி வழியாக பாங்காக் செல்ல, செக் ஏர்லைன்ஸிடம் ஒரே முன்பதிவில் சீட்டு வாங்கியவர்கள், அபுதாபி வரை நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எத்திஹாத் ஓட்டிய இரண்டாம் விமானம் 488 நிமிடம் தாமதமானது. தவறு எங்களுடையதல்ல என்று செக் நிறுவனம் வாதிட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்காமல், ஒரே முன்பதிவு என்பதால் முதல் பகுதியை ஓட்டிய செக் நிறுவனமே பயணிகளுக்குப் பணம் தர வேண்டும், பிறகு அது கூட்டாளியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று தீர்த்தது. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2017-இல் எமிரேட்ஸுக்கு எதிரான வழக்கில், பிரிட்டனிலிருந்து புறப்பட்டவர்கள் துபாயில் இணைப்பைத் தவறவிட்டால் கடைசி ஊரில் ஏற்படும் தாமதமே கணக்கு என்று முடிவு செய்தது. ஐரோப்பாவிலிருந்து சென்னைக்கோ கொழும்புக்கோ வளைகுடா வழியாக வருகிறவர்களுக்கு இவை நேரடியாகப் பயன்படுபவை. எழுதும் கடிதத்தில், பயணம் ஒரே முன்பதிவில் இருந்தது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

பெட்டி விஷயத்தில் இதைவிட வசதியான நிலை உண்டு. இந்தியாவும் இலங்கையும் ஏற்றுள்ள 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை, ஒப்பந்தம் செய்த நிறுவனம், உண்மையில் ஏற்றிச் சென்ற நிறுவனம் ஆகிய இரண்டில் எதனிடமும் இழப்பீடு கேட்கும் உரிமையைப் பயணிக்குத் தருகிறது. வெவ்வேறு நிறுவனங்கள் அடுத்தடுத்து ஏற்றிச் சென்ற பெட்டியானால், முதல் நிறுவனத்தையும் கேட்கலாம், கடைசி நிறுவனத்தையும் கேட்கலாம். நடைமுறையில், நீங்கள் இறங்கிய ஊருக்குக் கொண்டுவந்த கடைசி நிறுவனத்தின் கவுன்டரில், நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே, பி.ஐ.ஆர். எனப்படும் பெட்டிப் புகார்ப் படிவத்தை எழுதிக் கொடுத்து எண் வாங்கிக்கொள்வதே சரியான வழி. எங்களிடம் வரவே இல்லை, முந்தைய நிறுவனத்தைக் கேளுங்கள் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். பெட்டி சேதமடைந்திருந்தால் கையில் கிடைத்த ஏழு நாளுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கான உச்சவரம்பு 1,519 சிறப்பு எடுப்பு உரிமைகள் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது 2,000 அமெரிக்க டாலருக்குச் சற்று மேல். வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரை போர்டிங் பாஸையும் பெட்டிச் சீட்டையும் பி.ஐ.ஆர். நகலையும் படமெடுத்து ஓரிடத்தில் வைத்திருங்கள்.